அடைப்பு எனக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை காலை.

சிரஞ்சீவி அச்யுத்துக்கு அத்திம்பேர் பத்ரிநாராயணன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. சௌபாக்யவதி மதுவந்திக்கும் குழந்தை ஹம்சினிக்கும் எங்கள் ஆசிகள். இவ்விடம் அனைவரும் சௌக்கியம். வழக்கமாக எழுதுகிற மரியாதை வாக்கியம் என்று நினைத்து இதைத் தாண்டிப் போய்விடாதே. இன்னொரு தரம் படி. இவ்விடம் அனைவரும் சௌக்கியம், நான் உள்பட. எனக்கு இருதயத்தில் அடைப்பு இல்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் எந்த டாக்டரும் என்னைத் திறந்து பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று சொல்லவும் இல்லை. போனில் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்பதால், கை நடுங்காமல் எழுதியிருக்கிறேன் பார் என்று காட்டுவதற்காகவே பேனாவை எடுத்தேன். ஆகவே பதினாலாம் தேதிக்கு நீ எடுத்திருக்கும் விமான டிக்கெட்டை இந்தக் கடிதம் கண்டவுடன் ரத்து செய்துவிடவும்.

விஷயம் எங்கே ஆரம்பித்தது என்றால் உன்னிடத்தில்தான். நீ புனேக்கு மாற்றலாகிப் போனபோது உன் பழைய கம்ப்யூட்டரை எங்கள் ஆத்துக் கூடத்தில் விட்டுவிட்டுப் போனாய். "இருக்கட்டும் அத்திம்பேர், எதுக்காவது உதவும்" என்றாய். ஏழு வருஷமாக அது எனக்கு மின்சாரக் கட்டணம் கட்டவும், உன் அக்காவுக்கு அதன் மேல் அப்பளம் காய வைக்கவும் உதவி வந்தது. போன மாதம் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு நான் பாங்கிலிருந்து சீக்கிரம் திரும்பி வந்தேன். கதவைத் திறந்தால் கூடத்திலிருந்து "ஓரம் போடா, ஓரம் போ, இண்டிகேட்டர் போடத் தெரியாதா உனக்கு" என்று உன் அக்காவின் குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ப் பார்த்தால், யாரும் இல்லை. சுப்புலக்ஷ்மி மட்டும் மூக்குக் கண்ணாடியை நுனிமூக்கில் தள்ளிக்கொண்டு, இரண்டு கையையும் கீபோர்டில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். பதினெட்டு சக்கர லாரி, அச்யுத்! பின்னால் இருபத்திரண்டு டன் ஆப்பிள்.

அவளுடன் வேலை பார்த்த டீச்சர் ஒருத்தியின் பிள்ளை இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தானாம். மூன்று மாதமாக நான் வெளியே போகிற நேரமெல்லாம் இவள் ஐரோப்பாவில் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். "இது என்ன சுப்பு, சின்னப் பசங்க மாதிரி" என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சித்த இருங்கோ, ரைன் நதி வரப்போறது" என்றாள். "முப்பத்திரண்டு வருஷம் ஜாக்ரஃபி எடுத்திருக்கேன். எத்தனை தரம் போர்டுல சாக்பீஸால இதை வரைஞ்சிருக்கேன் தெரியுமோ? இன்னிக்கு வரைக்கும் கண்ணால பாக்கலை. இந்தப் பாலத்துக்கு மேல ஏறினா நதி நன்னா தெரியுமாம்." நானும் பின்னால் நின்று பார்த்தேன். லாரி பாலத்தில் ஏறியது. திரை ஒரு குலுக்கு குலுங்கியது. பாலம் சாம்பல் நிறக் கட்டைகளாக ஆனது, ஆறு இருக்கவேண்டிய இடத்தில் சோப்பு நுரை மாதிரி என்னவோ தெரிந்தது, பிறகு எல்லாம் அப்படியே உறைந்துபோய்விட்டது. உன் அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள். "எப்பவும் இங்கேதான் நின்னுடறது" என்று சொல்லிவிட்டு ஸ்விட்சை அணைத்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். கோபம் இல்லை, வருத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுடைய அந்த 'ஒன்றும் இல்லை'யை நான் இதற்கு முன்னாலும் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். அதை நீ அறியமாட்டாய். நீ அப்போது ரூர்க்கியில் படித்துக்கொண்டிருந்தாய்.

தொண்ணூற்றாறில் இவள் மந்தைவெளியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஆறாவது நாள் லஸ் சர்ச் ரோட்டில் ஒரு இளநீர் வண்டியின் மேல் லேசாக இடித்துவிட்டாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை, அந்த வண்டிக்காரர்கூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்த நேரம் பார்த்து நான் ஆபீஸ் நண்பர்களுடன் அந்த வழியாக வந்தேன். எல்லாருக்கும் எதிரில், "உனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்? போதும், இறங்கு" என்றேன். இறங்கினாள். மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. அப்புறம் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அதைப் பற்றிப் பேசியிருப்பாளா? மாட்டாள். நானும் மறந்துபோய்விட்டேன் என்று எல்லாரையும் நம்பவைத்து வந்தேன். அன்றைக்கு அந்த லாரி பாலத்தில் நின்றதும் எனக்கு லஸ் சர்ச் ரோடுதான் ஞாபகம் வந்தது. இவள் அந்த ஆற்றைப் பார்த்தே தீரவேண்டும், அதுவும் எனக்குத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் நானே செய்து முடிக்கவேண்டும் என்று முடிவு பண்ணினேன். இதுதான் அச்யுத், நான் மறைத்த வியாதி.

நாகேஸ்வர ராவ் பார்க்கில் என்னோடு நடக்கிற கனகராஜ் அண்ணாச்சியைக் கேட்டேன். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர், எல்லாம் தெரிந்தவர். "அது ஒண்ணுமில்ல சார், உள்ள ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டீங்கன்னா படம் தண்ணி மாதிரி ஓடும்" என்றார். எங்கே கிடைக்கும் என்று கேட்பதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. கேட்கவேண்டிய அவசியமும் எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் நம் தெருமுனையிலேயே கொட்டை எழுத்தில் 'கிராபிக்ஸ்' என்று போர்டு போட்டு ஒரு கடை இருக்கிறது, உள்ளே கண்ணாடிப் பெட்டி நிறைய கார்டு. நேராகப் போனேன். தாரணி என்று ஒரு பெண், ரொம்ப மரியாதையான பெண், நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். "கார்டு வேணும்மா" என்றேன். "எத்தனை சார்?" "ஒண்ணு போதும்." "ஒண்ணா? குறைஞ்சது நூறு எடுக்கணும் சார். என்ன விசேஷம்?" "விசேஷம்னு இல்லே, ஆத்துக்காரி லாரி ஓட்டறா. பாலத்து மேல ஏறினா நின்னுடறது." அந்தப் பெண் கையிலிருந்த ஆர்டர் புத்தகத்தை மூடினாள். அப்புறம் மெதுவாக, "லாரி பூஜைக்கா சார்?" என்றாள். "இல்லேம்மா, ஐரோப்பாவுல" என்றேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அது கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடை. விஷயம் புரிந்ததும் அவளே ஒரு துண்டுக் காகிதத்தில் 'ரிச்சி தெரு' என்று எழுதிக் கொடுத்தாள். ஆனாலும் வெறும் கையோடு வர எனக்குக் கூச்சமாக இருந்ததால் நூறு விசிட்டிங் கார்டு அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். 'பத்ரிநாராயணன், ஓய்வு' என்று போட்டிருக்கிறது. உனக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன்.

மறுநாள் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனேன். அச்யுத், அது தெரு இல்லை, கம்ப்யூட்டரின் வயிற்றைக் கிழித்துக் குடலைக் காயப்போட்டிருக்கிற இடம். நாலு பேர் நாலு பக்கமும் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு சின்னக் கடையில் மட்டும் ஒருவர் என்னைக் கூப்பிடாமல் ஏதோ ஒரு பலகையைப் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன். பெயர் ஷஃபியுல்லா பாய். "இன்னா சிஸ்டம் சார் வெச்சிக்கினு கீறீங்க?" என்றார். "கறுப்பு" என்றேன். "எத்தினி வருசம் ஆவுது?" "என் மச்சினன் வாங்கினது. பன்னெண்டு வருஷம் இருக்கும்." "சார், அது சிஸ்டம் இல்ல, பெரியவரு" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டார். "பவர் சப்ளை எத்தினி வாட்டு?" "எங்க ஆத்துல எல்லாருக்கும் வர கரண்ட்தான் பாய்." அவர் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மூன்று கார்டு எடுத்து வைத்தார். முதலாவது செங்கல் அளவு, மூன்று விசிறி, கல்யாண மண்டப வாசல் மாதிரி கலர் கலராக விளக்கு. எனக்கு அதுதான் பிடித்தது. "இத்த போட்டீங்கன்னா உங்க பொட்டில நொழையாது. நொழைஞ்சாலும் பவர் பத்தாம பொசுக்குனு பூடும். விக்கிறதுக்கு எனக்கு ஆசதான் சார், ஆனா நாளைக்கு நீங்க வந்து நிப்பீங்க" என்று உள்ளே வைத்துவிட்டார். இரண்டாவது, செகண்ட் ஹாண்ட். பாதி விலை. "மேல பளபளன்னு கீது. எவனோ ரெண்டு வருசம் ராப்பகலா ஓட்டிக் கழட்டினது. உள்ள இன்னா பாக்கி கீதுன்னு எனக்கே தெரியாது." மூன்றாவது, உள்ளங்கை அளவு. ஒரே ஒரு விசிறி. எவர்சில்வர் டப்பா மூடி மாதிரி பாவமாக இருந்தது. "இது தனியா கரண்ட்டு கேக்காது சார். போர்டுலேர்ந்தே எடுத்துக்கும். உங்க பெரியவருக்கு இதான் தாங்கும்" என்றார். பெட்டியின் உள்ளளவு மட்டும் பார்த்து வந்தால் சரியான சைஸில் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி, ஆத்துப் போன் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் சொன்னதையெல்லாம் நான் மறக்காமல் இருக்க ஒரு பேப்பரில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பேப்பர்தான் வினையாகப் போயிற்று. அதைப் பற்றி அப்புறம்.

அளவெடுக்கிற படலம் தனி. சாயங்காலம் இவள் சமையலறையில் இருந்த நேரமாகப் பார்த்து, இவளுடைய தையல் மிஷின் டேப்பை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்தேன். நுழைந்தேனே தவிர வெளியே வரத் தெரியவில்லை, மூட்டு பிடித்துக்கொண்டது. "என்னன்னா பண்றேள் அங்கே?" என்று பக்கத்தில் இவள் கால் வந்து நிற்கிறது. "பல்லி" என்றேன். "டேப் எதுக்கு?" "பெரிய பல்லி" என்றேன். அவள் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள். பதினேழு என்று அளவு எடுத்திருந்தேன். இஞ்சா சென்டிமீட்டரா என்று பார்ப்பதற்குள் இவள் டேப்பை வாங்கிண்டு போயிட்டா.

மறுநாள் சட்டையைத் துவைக்கப் போடும்போது அந்தப் பேப்பர் இவள் கையில் கிடைத்திருக்கிறது. அதில் நான் எழுதியிருந்தது இதுதான், வரிக்கு வரி சொல்றேன்: 'வயசு ரொம்ப ஆயிடுத்து. பெரிசு தாங்காது. உள்ளே அடைப்பு இருக்கும், திறந்து பார்த்தால்தான் தெரியும். சின்னதா ஒண்ணு வெச்சா இன்னும் நாலஞ்சு வருஷம் ஓடும். சூடு ஏறாமல் பார்த்துக்கணும். பவர் கம்மி.' அடைப்புன்னு பாய் சொன்னது தூசியை! உடனே இவ உனக்குப் போன் போட்டு அழுதிருக்கா. நீ பதறிப்போய் எனக்குப் போன் பண்ணி, "அத்திம்பேர், எந்த ஆஸ்பத்திரி? ஸ்டென்ட்டா, பைபாஸா?" என்று கேட்டபோது இவள் என் பக்கத்திலேயே வெண்டைக்காய் நறுக்கிண்டு உக்காந்திருக்கா. இவ காதுல விழற மாதிரி கார்டு விஷயத்தை நான் எப்படிச் சொல்ல முடியும்? "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுடும், நீ கவலைப்படாதே, சின்னதுதான் வெக்கப் போறா" என்று சொல்லித் தொலைச்சேன். அதுக்கு நீ விசும்பினது எனக்குக் கேட்டது. உன் மனசு தெரிஞ்சது அச்யுத். அதை நான் மறக்கமாட்டேன். ஆனா டிக்கெட்டை ரத்து பண்ணு.

முந்தாநாள் பிரதோஷம். இவளே காலையிலேர்ந்து ரெண்டு மூணு தரம், "இன்னிக்குக் கபாலி கோவில்ல கூட்டமா இருக்கும், நான் வர ரெண்டரை மணி நேரம் ஆகும், அதுக்கு முன்னால வரமாட்டேன்" என்று சொல்லிண்டே இருந்தா. தெய்வமே பார்த்துக் குடுத்த நேரம்னு நினைச்சிண்டு, அவ தலை மறைஞ்சதும் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழட்டி, ஒரு பழைய போர்வையில சுத்தி, ஆட்டோவில வெச்சு மடியோட அணைச்சுண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் "வாங்க சார், எடுத்து வெச்சிட்டேன்" என்று ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். "பதினேழு" என்றேன். "இஞ்சா, சென்டிமீட்டரா சார்?" "பதினேழு" என்றேன் உறுதியாக. அவர் கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்தது. "வுடுங்க சார், அளவு எனக்குத் தெரியும்" என்றார். அனுபவம்னா அதுதான், பெட்டியைப் பார்க்காமலே அளவு சொல்றார்! திறந்தார். உள்ளேயிருந்து தூசி ஒரு பூனைக்குட்டி சைஸுக்கு உருண்டு வந்தது. அப்பளத் துண்டு ஒண்ணும் வந்தது. எல்லாத்தையும் ஊதித் துடைச்சு, அந்தச் சின்னக் கார்டை ஒரு அமுக்கு அமுக்கினார். டக்குனு உக்காந்துடுத்து. நூல் பிடிச்ச மாதிரி இருந்தது. நான் திரும்பி வந்து, வயரெல்லாம் மாட்டி, வேர்வையைத் துடைச்சிண்டு பேப்பர் படிக்கற மாதிரி உக்காந்து பத்து நிமிஷம் கழிச்சுத்தான் இவ வந்தா. "ஆட்டோ சத்தம் கேட்டதே" என்றா. "அடுத்தாத்துக்கு" என்றேன்.

நேத்து காலமே பத்து மணிக்கு இவ கம்ப்யூட்டரைப் போட்டா. நான் மொச்சை உரிக்கற சாக்குல பக்கத்துல இருந்தேன். லாரி கிளம்பித்து. ரோட்டோரத்து மரமெல்லாம் இலை இலையா தெரியறது. வெயில் கண்ணாடியில பட்டுத் தெறிக்கறது.  பாலம் வந்தது. எனக்கு மொச்சை கையை விட்டு உருண்டுடுத்து. லாரி ஏறித்து. நிக்கலை, குலுங்கலை. கீழே ஆறு. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவில அவ்வளவு அகலமா, மேகத்தோட நிழல் விழுந்து நகர்ந்துண்டு, ஒரு படகு போயிண்டு. நடுப்பாலத்துல இவளே லாரியை நிறுத்திட்டா. கண்ணாடியைக் கழட்டிப் புடவைத் தலைப்பால துடைச்சுப் போட்டுண்டு மறுபடி பார்த்தா. "பச்சையா இருக்கே" என்றா. "நான் எப்பவும் நீலச் சாக்பீஸால போட்டேன். அத்தனை பசங்களுக்கும் நீலம்னு சொல்லிட்டேன்."

அப்போ சொல்லலைன்னா எப்பவும் சொல்லமாட்டேன்னு தோணித்து. "சுப்பு, அன்னிக்கு லஸ்ல நான் எல்லார் எதிர்லயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இளநீர் வண்டியில இடிச்சா என்ன? இடிக்காம யார் கத்துண்டா?" என்றேன்.  பின்னாடி ஒரு கார் ஹார்ன் அடிச்சுது. "பின்னாடி வண்டி நிக்கறது, சித்த பேசாம இருங்கோ" என்று சொல்லிட்டு கியரைப் போட்டா. பாலம் தாண்டி ஒரு மைல் போயிருப்பா. அப்புறம் ரோட்டிலேர்ந்து கண்ணை எடுக்காம, "அது இளநீர் வண்டி இல்லே. கரும்பு ஜூஸ் வண்டி" என்றா. அவ்வளவுதான் அச்யுத். அவ்வளவு போதும் எனக்கு. மத்தியானம் எனக்குப் பிடிக்குமேன்னு மோர்க்குழம்பு பண்ணியிருந்தா.

ஆகவே நான் சொல்லவந்தது என்னவென்றால், கார்டு தேர்ந்தெடுத்தது முழுக்க என்னுடைய முயற்சி, இவளுக்கு இன்று வரை அதைப் பற்றி எதுவும் தெரியாது, கம்ப்யூட்டர் தானாகவே சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீயும் வாயைத் திறக்காதே. என் இருதயம் நன்றாக இருக்கிறது. நீ லீவையும் டிக்கெட்டையும் வீணாக்காமல் ஆபீஸைக் கவனி. குழந்தை ஹம்சினி நன்றாகப் படித்து ஆரோக்கியமாக வளர வேண்டும் என்றும், நீங்கள் மூவரும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும் என்றும் கபாலீச்வரனையும் கற்பகாம்பாளையும் பிரார்த்தித்துக்கொண்டு,

உன் அன்புள்ள அத்திம்பேர்,
பத்ரிநாராயணன்.

பின்குறிப்பு: அச்யுத், இது உன் அக்கா எழுதறது. புனே பின்கோடு ஞாபகம் இல்லேன்னு, கவரில விலாசம் எழுதச் சொல்லி லெட்டரையும் என்கிட்டயே குடுத்துட்டுக் குளிக்கப் போயிருக்கார். அந்த ஷஃபியுல்லா பாய்க்கு ஆத்து நம்பரைக் குடுத்தது யாராம்? இவர் ரிச்சி தெருவுக்கு முதல்ல போன அன்னிக்குச் சாயங்காலமே போன் வந்துடுத்து. "சார் அளவு சரியா எடுப்பாருன்னு நம்பிக்கை இல்லம்மா" என்றார். நான்தான் பெட்டியைத் திறந்து ஸ்கேல் வெச்சு அளந்து, பவர் சப்ளையில எழுதியிருக்கறதையும் படிச்சுச் சொன்னேன். சின்னதே போதும்னு சொன்னதும் நான்தான். கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு ரெண்டரை மணி நேரம் தெற்கு மாட வீதியில ஒரு கடைப்படியில உக்காந்திருந்தேன், கால் மரத்துப்போச்சு. அந்தப் பேப்பர்ல இருந்ததை நான் உனக்கு அப்படியே படிச்சேன், ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை. நீ மூணு வருஷமா அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிண்டிருக்கே. வேற எப்படி உன்னை வரவழைக்கறது? அதனால கொஞ்சம் அழுதேன்.

பாலத்துல வண்டியை நிறுத்தினது மட்டும் நிஜம். அதை நான் முன்கூட்டி யோசிச்சு வெக்கலை.

டிக்கெட்டை ரத்து பண்ணாதே. மதுவந்தியையும் குழந்தையையும் அழைச்சிண்டு வா. நீ பக்கத்துல உக்காந்துக்கோ, ஆல்ப்ஸைத் தாண்டலாம்.